முழங்காலும் மனமும் பாதி தேறியபின்: ட்ரையத்லனா, டூயத்லனா, நீச்சலும் சைக்கிளுமா, ரிலேயா?

"அக்கா, டொக்டர் இனி ஓடலாம்னு சொல்லிட்டாரு. ஆனா திரும்பவும் ஓட்டத்தை மட்டும் நம்பி இருக்கப் பயமா இருக்கு. ட்ரையத்லன் பழகினா என்ன?" பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பிய குரல்பதிவு இது. அதே வாரம் தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர், கணுக்கால் முறிந்து பிளேட் வைத்தவர், "நீச்சல் தெரியாது, டூயத்லன் போதுமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் மனநல கிளினிக்குக்கும் போய்வருகிறவர்கள். தனித்தனியாக எழுதிய பதில்களை ஒன்றாக்கி இங்கே போடுகிறேன். ட்ரையத்லன் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி, டூயத்லனில் நீச்சல் இல்லை.

நான் டொக்டரும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. பாடசாலைக் காலத்தில் 800 மீற்றர் ஓடியவள், இப்போது இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஆசிரியை. 34 வயதில், மழை நாளொன்றில் சீமெந்துப் படியில் வழுக்கி இடது முழங்காலின் ஏ.சி.எல். நார் அறுந்தது. சத்திரசிகிச்சை சரியாகத்தான் நடந்தது. அதன்பின் வந்த எட்டு மாதம்தான் சரியில்லை. விடிய ஐந்து மணிக்கு எழும்பி ஓடிப் பழகிய உடம்பு அதே நேரத்துக்கு முழித்துக்கொள்ளும். எழும்பத்தான் மாட்டேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கதைத்துக்கொண்டு இறங்குவது கேட்கும், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். கடைசியில் அம்மாதான் கையைப் பிடித்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். மாத்திரை வேலை செய்தது. அங்கே டொக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "ஓட முடியாத நாளில என்ன செய்வீங்க?" என்னிடம் பதில் இருக்கவில்லை. கீழே வரும் அளவுகோல்களில் பாதி அந்தக் கேள்வியிலிருந்து முளைத்தவை.

எதை வைத்து அளப்பது

முதலாவது, ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதா? காயத்தோடு மனமும் விழுந்தவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. ஒரே விளையாட்டில் உயிரை வைத்தால், அந்த மூட்டு வீங்கும் நாளில் மனமும் சேர்ந்து வீங்கும்.

இரண்டாவது, கெட்ட நாளில் அதைத் தொடங்க எத்தனை வேலை? சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவது ஒரு வேலை. பை கட்டி, பஸ் பிடித்து, டவுனுக்குப் போய், காசு கட்டி, உடுப்பு மாற்றி, குளிர்ந்த தண்ணீரில் இறங்குவது ஆறு வேலை. நல்ல நாளில் இந்த வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது, காயம் பட்ட இடம் எதைப் பொறுக்கும்? நான்காவது காசு. ஐந்தாவது, தனியாகவா கூட்டமாகவா, யார் கண் பார்க்க? தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இந்த ஐந்தாவதை விளக்கத் தேவையில்லை. பாதையில் ஒரு பொம்பிளை ஓடினால் மூன்று டிவிஷனுக்குச் செய்தி போய்விடும். "அங்கொடைக்குப் போக வேண்டியது" (மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது) என்ற பகிடியை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

முடித்த நேரம், எத்தனையாவது இடம், பதக்கம் எதையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் வருடத்தில் அவை வேண்டாம்.

மூன்றும் சேர்ந்த ட்ரையத்லன், குறுந்தூர ஸ்பிரின்ட்

ட்ரையத்லன் என்றதும் பலருக்கு 2018இல் கொழும்பில் நடந்த அயர்ன்மேன் 70.3தான் நினைவுக்கு வருகிறது: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். அதைப் பார்த்துத்தான் பாதிப்பேர் பயந்து ஒதுங்குகிறார்கள், மீதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் வந்த தூரம் 1.5, 40, 10. ஸ்பிரின்ட் அதிலும் சரிபாதி: 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். 25 மீற்றர் தடாகத்தில் முப்பது தடவை போனால் 750 மீற்றர். சொல்லும்போது சின்னதாகத்தான் இருக்கிறது.

முதல் அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. முழங்கால் கோபித்தால் நீச்சல், தோள் கோபித்தால் சைக்கிள். எனக்குப் போன வருடம் ஆறு வாரம் ஓட்டமே இல்லை. ஆனாலும் படுக்கையில் சுவரைப் பார்த்துக் கிடக்கவில்லை. மூன்றையும் பழகிவைத்ததன் பலன் அதுதான். போட்டிக்குப் போனதால் வந்த பலன் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

இரண்டாவது அளவுகோலில்தான் நம் மலை இடறுகிறது. கண்டியில் இருப்பவருக்குத் தடாகம் எட்டும் தூரத்தில். தோட்டத்தில் இருப்பவருக்கு அது வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் பயணம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ், போக வர அரை நாள், முக்கால் மணி நேர நீச்சல். பெண்களுக்கு இன்னொரு செலவும் உண்டு: முழுக்கை நீச்சல் உடுப்பு, அதைவிட, அதைப் போட்டுக்கொண்டு தடாகம்வரை நடக்கும் அந்தப் பத்து அடிக்கான தைரியம். மூன்றாம் வாரம் அது பழகிப்போகும்.

"பக்கத்திலேயே இவ்வளவு தண்ணீர் இருக்கே, காசல்ரீயில பழகினா என்ன?" என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அவை மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். நீர்மட்டம் ஏறும் இறங்கும், கரை சேறு, அடியில் என்ன கிடக்கிறதென்று மேலிருந்து தெரியாது. மவுஸ்ஸாக்கலையில் தண்ணீர் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீந்துகிறவரின் காலுக்குக் கீழே இருப்பது அப்படியான கல்லும் கட்டையும்தான். நுவரெலியா கிரகரி வாவியும் படகுக்குத்தான். தண்ணீர் குளிர், காப்பாற்ற ஆளில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று வெக்கை. பெரிய போட்டிகள் கடற்கரைப் பக்கம்தான். ஸ்வெட்டர் போட்டுப் பயிற்சி எடுத்த உடம்பைக் கொண்டுபோய்க் கொழும்பின் புழுக்கத்தில் ஓடவிட்டால் மூன்றாம் கிலோமீற்றரில் தலை சுற்றும். வெக்கைக்கு உடம்பு பழக ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை. லீவு எடுக்க முடியாதவர் அங்கே முதல் முறை நிதானமாகப் போவதைத் தவிர வழியில்லை.

மற்றது, கடலில் மூச்சு. அடி தெரியாத தண்ணீர், பக்கத்து ஆளின் கால் முகத்தில் படுகிறது, நெஞ்சு இறுகுகிறது. பதற்றநோய் உள்ளவர்களுக்கு இந்த உணர்ச்சி ஏற்கனவே தெரிந்தது. நள்ளிரவில் வருவது இப்போது பகலில் தண்ணீருக்குள் வருகிறது, அவ்வளவுதான். முதல் தடவை எனக்கு வந்தபோது கரைக்கு இருபது மீற்றர்கூட இல்லை, ஆனாலும் செத்தேன் என்றே நினைத்தேன். மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து, மூச்சை உள்ளே இழுப்பதை விட்டு வெளியே விடுவதை மட்டும் எண்ணினேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் தணிந்தது. இதைத் தடாகத்தில் முன்கூட்டியே நூறு தடவை பழகிவையுங்கள். போட்டியில் நிற்கும் படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுக்க விதி அனுமதிக்கிறது, முன்னே நகரக் கூடாது, அவ்வளவே. அதைத் தெரிந்துகொண்டு இறங்குவதே பாதி மருந்து.

டூயத்லன்

ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். ஸ்பிரின்ட் தூரம் 5, 20, 2.5 கிலோமீற்றர். நீச்சல் இல்லை, தடாகம் இல்லை, பஸ் இல்லை. வாசலில் தொடங்கி வாசலில் முடியும். இரண்டாவது அளவுகோலில் இதுதான் முதலிடம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ட்ரையத்லனில் 5 கிலோமீற்றர் ஓட்டம், டூயத்லனில் 7.5. அந்தக் கடைசி 2.5, சைக்கிளில் தொடை களைத்த பிறகு. முழங்கால், கணுக்கால் காயக்காரர்கள் நீச்சலுக்குப் பயந்து டூயத்லனைப் பிடிக்கிறார்கள். கீழ்மூட்டுகளை விட்டுவைக்கிற ஒரே பகுதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, அவற்றை அதிகம் அடிக்கிற பகுதியை ஒன்றரை மடங்காக்கிக்கொள்கிறார்கள். நான் செய்த தப்பும் ஓட்டத்தை அவசரப்பட்டுப் பிடித்ததுதான், அந்த எட்டு மாதத்துக்கு நடுவிலேயே. ஒரு தனியார் கிளினிக்கில் "நாலாம் மாசம், இனி ஓடலாம்" என்று சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, எந்தப் பலச் சோதனையும் இல்லாமல் ஓடினேன். முழங்கால் ஒரு கிழமை பலாக்கொட்டை மாதிரி வீங்கிக் கிடந்தது. மாதக் கணக்கு மட்டும் போதாது. காயப்பட்ட காலின் பலம் மற்றக் காலின் பலத்துக்குக் கிட்ட வந்துவிட்டதா என்று பிசியோவிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சமதரையில் ஓடும்போதே ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்கும். நம் ஊரில் சமதரை எங்கே? ஏறும்போது மூச்சு வாங்கும், மூட்டில் விழும் அடி குறைவு. இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்கும், முழங்கால் சில்லு அழுந்தும். ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு என் விதி: ஏற்றத்தில் மெல்ல ஓடு, இறக்கத்தில் நட. பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். தெரியட்டும்.

மூச்சைப் பற்றியும் ஒன்று. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தின் எண்பது வீதம் அளவுதான். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர், முதல் கிழமை ஏற்றத்தில் நெஞ்சு படபடத்தால் நோய் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. நடந்தால் இரண்டு நிமிடத்தில் தணிகிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால், நெஞ்சு வலித்தால், டொக்டரிடம் போங்கள்.

சைக்கிளுக்கு வருவோம். மலைக்கு வாங்குகிறவர் நிறத்தையும் பிராண்டையும் பிறகு பார்க்கலாம், முதலில் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். 32 இருக்கட்டும், 34 என்றால் இன்னும் நல்லது. கனத்த கியரில் மெல்ல மெல்ல மிதித்து ஏறுவதுதான் முழங்காலைக் கெடுப்பது. இருக்கையும் தாழ்வாக இருக்கக் கூடாது: மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் கொஞ்சமாக மட்டும் மடங்கி இருக்க வேண்டும். நான் 90,000 ரூபாய்க்குப் பழைய ரோட் பைக் ஒன்று எடுத்தேன். ஓட்டச் சப்பாத்து 18,000. 2024இல் 1,350 ரூபாயாக்கப்பட்ட தோட்டத்து அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால், சப்பாத்து பதின்மூன்று நாள் கொழுந்து, சைக்கிள் ஏறத்தாழ அறுபத்தேழு நாள். இந்தக் கணக்கை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

றம்பொடை வளைவுகள் மாதிரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு வராதீர்கள், சக்கர விளிம்பு சூடாகும். வளைவுக்கு முன் அழுத்தி, பிறகு விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். மூடுபனியில் போக வேண்டாம், பஸ்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். மழைக்கும் கணக்கு இருக்கிறது: மே முதல் செப்டெம்பர்வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் நனையும். டிசம்பர், ஜனவரியில் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தின் முறை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் குறுக்குப்பாதையும் வேண்டாம், பெரிய பாதையும் வேண்டாம்.

நீச்சலும் சைக்கிளும் மட்டும்

அக்வாபைக் என்பார்கள். போட்டி கிடைப்பது அரிது, ஆனால் முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தவருக்கும், எலும்பில் கீறல் விழுந்து ஓடவே கூடாது என்று சொல்லப்பட்டவருக்கும் இதுதான் பொருத்தம். மார்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் கால்கள் சுமக்கும். நீந்தத் தெரியாதவர்கூட அங்கே நடக்கலாம்.

மறைந்த செலவு இரண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் பழகுவது தவளை நீச்சல். அந்த உதைப்பு முழங்காலின் உட்பக்க நாரை இழுக்கும், ஆகவே காயக்காரர் அதை விட்டுக் கைகளை மாற்றி மாற்றி வீசும் ஃப்ரீஸ்டைல் பழக வேண்டும். ஃப்ரீஸ்டைல் தோளைக் கேட்கும், தோள் காயக்காரர் யோசிக்கவும். இன்னொன்று, நீச்சலும் சைக்கிளும் எலும்புக்குப் பாரம் கொடுப்பதில்லை. எலும்பு உறுதிக்கு நடை வேண்டும். அதற்கு மட்டும் நமக்குப் பஞ்சமில்லை: மேல்பிரிவுக்கு ஏறி வந்தால் போதும்.

மூவர் ரிலே

ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள், ஒருவர் ஓட. செலவு குறைவு, காயம் பட்ட மூட்டுக்கு எது சரியோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கெட்ட நாளில் "டீச்சர், வெளிய வாங்க" என்று வாசலில் வந்து நிற்க இரண்டு பேர் இருப்பார்கள். மனம் தேறிவரும் ஒருவர் முதல் போட்டிக்கு எதைத் தேரலாம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். ஒரேயொரு ஆபத்து: கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் "என்னால இவங்களும் கெட்டாங்க" என்ற குற்றவுணர்ச்சி, மனச்சோர்வுக்கு அதுவே தீனி. தொடக்கத்திலேயே நாலாவது ஆளைச் சேர்த்துக்கொண்டு, வராவிட்டால் கேள்வி இல்லை என்று பேசி வைத்துவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | ஸ்பிரின்ட் ட்ரையத்லன் | டூயத்லன் | நீச்சல் + சைக்கிள் | ரிலே |
|---|---|---|---|---|
| ஒன்று போனால் இன்னொன்று | இரண்டு மிஞ்சும் | ஒன்று மிஞ்சும் | ஒன்று மிஞ்சும் | ஆள் மாற்றலாம், உங்களுக்கு மாற்று இல்லை |
| கெட்ட நாளில் தொடங்க | கடினம் | மிக எளிது | நீச்சல் கடினம், சைக்கிள் எளிது | எளிது, ஆள் வந்து கூப்பிடும் |
| முழங்கால், கணுக்கால் | நடுத்தரம் | அதிக பாரம் | குறைந்த பாரம் | எடுக்கும் பகுதியைப் பொறுத்து |
| தோள் | கவனம் | பயமில்லை | கவனம் | எடுக்கும் பகுதியைப் பொறுத்து |
| செலவு | அதிகம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | பஸ், வெக்கை, கடல் பயம் | இறக்கம், வாகனம் | எலும்புப் பாரம் இல்லை, போட்டி அரிது | குற்றவுணர்ச்சி |

மாத்திரை போடுகிறவர்களுக்கு

எதைத் தேர்ந்தாலும் இது பொது. பயிற்சி மனச்சோர்வுக்கு நல்லது என்பது உண்மை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓடத் தொடங்கியதும் "இனி வேண்டாம்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் குறைத்தோம்.

மூட்டு வலிக்கு டிக்லோஃபெனாக் வாங்கிப் போடுவது இங்கே சாதாரணம். செர்ட்ரலின், ஃப்ளூஒக்செடின் வகை மனச்சோர்வு மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவுக்கான ஆபத்து கூடும். லித்தியம் எடுக்கிறவர்கள் இன்னும் கவனம்: நீர்ச்சத்து குறைந்தாலும், இந்த வலி மாத்திரைகளைச் சேர்த்தாலும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். தூக்க மாத்திரை போட்ட மறுநாள் விடியற்காலை தண்ணீரில் இறங்காதீர்கள், இறக்கத்தில் சைக்கிளும் வேண்டாம். இவை மூன்றையும் கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள், "நான் இந்த மாதிரி பயிற்சி எடுக்கிறேன்" என்று சொல்லி.

அளவுக்கு மிஞ்சிய பயிற்சியும் மனச்சோர்வும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி: தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எதிலும் பிடிப்பிருக்காது. போட்டி முடிந்த கிழமையில் ஒரு வெறுமையும் வரும். அந்தக் கிழமைக்கு ஒரு கிளினிக் திகதியை முன்கூட்டியே போட்டுவையுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் போட்டிக் கணக்கெல்லாம் பிறகு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கோ 1333 என்ற ஆலோசனை இலக்கத்துக்கோ அழையுங்கள், வீட்டில் ஒருவரையும் எழுப்புங்கள்.

யாருக்கு எது

தலவாக்கலைத் தம்பிக்கு: டூயத்லனுக்கு இப்போதே பெயர் கொடுக்க வேண்டாம். பிளேட் வைத்த கணுக்கால் தினமும் இறக்கத்தில் ஓட ஒத்துக்கொள்ளாது. மூன்று மாதம் சைக்கிளும் ஏற்ற நடையும். அதன்பின் நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என்று ஏற்றத்தில் மட்டும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் விடிய அது இருக்கக் கூடாது. வீங்கினால் நிறுத்தம். ரிலேயில் சைக்கிள் பகுதி கிடைத்தால் உடனே எடுங்கள் தம்பி. நீச்சல் தெரியாது என்பதை நிரந்தரமாக்கிவிடாதீர்கள், நான் பழகியது 36 வயதில்.

டவுனுக்குப் பக்கத்தில் இருந்து, மனம் ஓரளவு நிலைத்து, ஆறு மாதம் தொடர்ந்து பழகியவருக்கு ஸ்பிரின்ட். திகதியைப் பார்த்துப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். பயிற்சி நிலைத்த பிறகு திகதியைத் தேடுங்கள். ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தால் நீச்சலும் சைக்கிளும். இன்னும் காலையில் எழும்பவே முடியவில்லை என்றால் நாலும் வேண்டாம்: கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை நடந்து திரும்பி வாருங்கள், அதற்கும் மாட்டேன் என்கிற நாளில் வாசல்வரை.

பண்டாரவளைத் தங்கச்சி, உங்கள் கேள்விக்கு "ஆமாம், மூன்றையும் பழகுங்கள்" என்பதே பதில். பெயர் கொடுப்பதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். கிட்டத்தில் தடாகம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கும்போது நாலு கேள்வி: நீளம் 25 மீற்றரா, ஆழம் குறைந்த பக்கத்தில் கால் ஊன்றுமா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, உயிர்காப்பாளர் அந்த நேரத்தில் உண்மையிலேயே இருப்பாரா. கடைசிக் கேள்வியைத் தொலைபேசியில் கேட்காதீர்கள். நேரில் போய், அவர் தண்ணீரைப் பார்க்கிறாரா, கைபேசியைப் பார்க்கிறாரா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள்.